திறந்தவெளி மேசைகளில் கடற்காகத் தொல்லை: எதற்குத்தான் பலன் இருக்கிறது?

கரைமேசை:

நீர்க்கரையை ஒட்டித் திறந்தவெளி உணவகம் நடத்துகிறேன். பாதி மேசைகளுக்குக் குடை இருக்கிறது, மீதி வெட்டவெளி. இந்தப் பருவத்தில் கடற்காகங்களின் அட்டகாசம் தாங்க முடியவில்லை. ஆள் எழுந்த மறுநொடி மேசையில் இறங்கிவிடுகின்றன, மிச்சத்தை விழுங்கும் அவசரத்தில் இறக்கை பட்டுக் கண்ணாடிக் குவளை கீழே விழுந்து சிதறுகிறது, அந்தச் சில்லுகளுக்கு நடுவே அடுத்த வாடிக்கையாளரை எப்படி உட்கார வைப்பது? போன வாரம் ஒரு குழந்தையின் கையிலிருந்து பறித்ததில் விரலில் கீறல். ரத்தம் அதிகமில்லை, ஆனாலும் அந்தக் குடும்பம் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டது, அதைப் பார்த்துப் பக்கத்து மேசையும் எழுந்துவிட்டது.

பிளாஸ்டிக் ஆந்தை, மினுக்கு நாடா, பருந்து சத்தம் போடும் ஒலிபெருக்கி மூன்றையும் வைத்தாயிற்று. முதலில் நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் ஆந்தை நிற்கும் அதே கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார ஆரம்பித்துவிட்டன. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள், உணவகம் நடத்துகிறவர்கள், பறவைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கொல்லும் யோசனை மட்டும் வேண்டாம்.

இறகுநோக்கி:

பொம்மை ஆந்தை தோற்றதில் ஆச்சரியமே இல்லை சார். அசையாத, துரத்தாத எதையும் கடற்காகம் சீக்கிரமே கணக்கிலிருந்து தள்ளிவிடும். ஒலிபெருக்கியும் அப்படித்தான், சத்தம் வருகிறது ஆனால் பின்னாலேயே பருந்து வருவதில்லை என்று தெரிந்துகொள்ள அதற்கு அதிக நாள் ஆகாது. இது நீண்ட ஆயுள் உள்ள பறவை. ஹெரிங் கடற்காகம் என்ற வகை 30 வயதைத் தாண்டி வாழ்ந்த பதிவுகள் உண்டு. உங்கள் மேசையில் தீனி கிடைக்கும் என்று ஒரு பறவை கற்றுக்கொண்டால் அந்தப் பாடத்தை அது வருடக்கணக்கில் வைத்திருக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அவை மனிதர்களை எப்படிப் படிக்கின்றன என்பதை. இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் 2019இல் ஒரு ஆய்வு வந்தது. தரையில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தை வைத்துவிட்டு, ஒருமுறை கடற்காகத்தை நேராக உற்றுப் பார்த்தார்கள், இன்னொருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உற்றுப் பார்த்தபோது அது நெருங்கி வர சராசரியாக 21 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. இதில் இன்னொன்று பலர் கண்ணில் படாமல் போகிறது: 74 பறவைகளிடம் முயன்றும் 27 மட்டுமே கிட்டே வந்தன. அதாவது எல்லாக் கடற்காகமும் திருடன் இல்லை, துணிந்த சிலதான் இந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் இடத்திலும் நின்று பார்த்தால் திரும்பத் திரும்ப வருவது அதே சில முகங்களாகத்தான் இருக்கும்.

அதே குழு 2020இல் இன்னொன்று செய்தது. ஒரே மாதிரி உறையிட்ட இரண்டு தின்பண்டங்கள், அதில் ஒன்றை மட்டும் ஆய்வாளர் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்து கீழே வைத்தார். கொத்திப் பார்த்த 24 பறவைகளில் 19 அந்தக் கைபட்ட பண்டத்தைத்தான் கொத்தின. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் 2023 ஆய்வில் இன்னும் ஒரு படி மேலே. ஆய்வாளர் ஒரு நிறப் பொட்டலத்திலிருந்து சாப்பிடுவதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, முன்னால் கிடந்த இரண்டு நிறங்களில் அதே நிறத்தைத் தேடிக் கொத்தின. ஆக, உங்கள் வாடிக்கையாளர் சாப்பிடுவதே அவற்றுக்குத் தகவல். எங்கே, என்ன, எப்போது என்று எல்லாம் அதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன.

எப்போது என்பதற்கும் சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கடற்காகங்களின் முதுகில் ஜிபிஎஸ் கருவி மாட்டிப் பின்தொடர்ந்ததில், பள்ளி இடைவேளை நேரத்தையும் குப்பை மையம் திறக்கும் நேரத்தையும் ஒட்டி அவை வந்து போவது தெரிந்தது. உங்கள் மதியக் கூட்டம் எத்தனை மணிக்கு என்பது அவற்றுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டெடுப்பவன்:

பரிமாறும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன், எல்லாம் தண்ணீர்க்கரை இடங்கள்தான். இறகுநோக்கி சார் சொன்னதை நாங்கள் நடைமுறையில் பார்த்தது இப்படி. பில் கட்டிவிட்டு ஆள் நாற்காலியைப் பின்னால் தள்ளும் அந்தச் சத்தம், அதுதான் கடற்காகத்துக்கு மணி. கூரை விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுத் தூங்குகிற மாதிரி இருக்கும், நாற்காலி நகர்ந்ததும் கழுத்து நீளும், உடம்பு முன்னால் சாயும், ஒரு கால் விளிம்புக்கு வந்துவிடும். அந்த நிலையில் நீங்கள் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றால் திரும்ப உட்கார்ந்துவிடும். நீங்கள் கல்லாப் பக்கம் இருந்தால் இறங்கிவிடும். அவ்வளவுதான் கணக்கு.

அதனால் எங்கள் இடத்தில் வைத்த முறை: ஆள் எழுந்த பிறகு தட்டு எடுக்கப் போவது கிடையாது. சாப்பிட்டு முடித்தது தெரிந்ததுமே, உட்கார்ந்திருக்கும்போதே, கேட்டுக்கொண்டு எடுத்துவிட வேண்டும். குவளை மட்டும் இருக்கலாம். எழுந்து போகும்போது மேசையில் அதற்குத் தின்ன எதுவும் இருக்கக் கூடாது. மூடி போட்ட தள்ளுவண்டி ஒன்றை வெளி மேசைகளுக்கு நடுவிலேயே நிறுத்தினோம், ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே போய் வந்தால் அந்த நடைக்குள்ளேயே காரியம் முடிந்துவிடும். திறந்த தொட்டியில் எச்சில் தட்டை அடுக்கி வைப்பது மேசையில் வைப்பதைவிட மோசம், எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறதே.

இரண்டாவது, வெளியே கொண்டுபோகும் வழி. சமையலறைக் கதவிலிருந்து மேசைவரை தட்டைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து நடப்பது சிலருக்குப் பழக்கம். கடற்காகம் பின்னாலிருந்து தாழ்வாக வந்து எடுக்கும், தூக்கிப் பிடித்த தட்டு அதற்கு வசதி. மார்பு உயரத்தில், உடம்போடு ஒட்டிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். முடிந்தால் மூடி.

கம்பிவலை:

பறவைத் தடுப்பு வேலை எடுத்துச் செய்கிறவன். மேலே இருவரும் சொன்னது சரி, ஆனால் ஆட்களை மட்டும் நம்பி ஒரு முழுப் பருவத்தை ஓட்ட முடியாது. கூட்ட நேரத்தில் பரிமாறுகிறவர் எத்தனை மேசையைத்தான் பார்ப்பார்? கட்டமைப்பிலும் கை வைக்க வேண்டும்.

திறந்தவெளிக்கு நான் முதலில் சொல்வது மேல்கம்பி. மேசைகளுக்கு மேலே இணை கோடுகளாக மெல்லிய எஃகுக் கம்பியோ தடித்த நைலான் நரம்போ இழுத்துக் கட்டுவது. வலை மாதிரி நெருக்கமாக வேண்டாம், சில மீட்டர் இடைவெளி விட்டாலே போதும். இறக்கையை விரித்து வட்டமிட்டு இறங்குகிற பறவை இது. பெரிய வகைகளுக்கு இறக்கை அகலம் ஒன்றே கால் மீட்டருக்கு மேலே போகும். கோடுகளுக்கு நடுவே நுழைந்து, அவசரத்தில் திரும்ப மேலே ஏற முடியாது என்ற பயத்தில் இறங்கவே தயங்கும். இது புது யோசனையும் இல்லை, கனடாவின் டொராண்டோவில் 1980களிலேயே பொது இடங்களில் வளைய அலகுக் கடற்காகங்களைத் தள்ளி வைக்க இதைச் செய்து பார்த்து, பலன் இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். புறாவுக்கும் சிட்டுக்குருவிக்கும் இது உதவாது, அவை சர்வசாதாரணமாக நுழைந்துவிடும்.

பறவை உட்காராமல் தடுக்கும் முள் பட்டை விளக்குக்கம்பம், கைப்பிடிச் சுவர், பெயர்ப்பலகை விளிம்பு மாதிரிக் குறுகலான இடங்களுக்கு மட்டும். அகலமான கூரையில் முள் வைத்தால் அதற்கு நடுவிலேயே சுள்ளியைச் செருகிக் கூடு கட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

வலை என்றால் கடற்காகத்துக்கு 75 மில்லிமீட்டர் கண்ணளவு. போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. தளர்ந்த வலையில் பறவை சிக்கித் தலைகீழாகத் தொங்கிச் சாவது நிஜமாகவே நடக்கிறது, அது வாடிக்கையாளர் கண்முன் நடந்தால் உங்கள் பெயர் கெடும், அதைவிட அந்த உயிர் படுகிற பாடு. ஒழுங்காகச் சோதித்துப் பராமரிக்க ஆள் இல்லையென்றால் வலையே போடாதீர்கள்.

நேர்ப்பேச்சு:

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா? ஆளைக் காயப்படுத்துகிற பறவை, நான்கைச் சுட்டால் மற்றவை வராது. கூட்டைக் கலைத்து முட்டையை எடுத்துவிட்டாலும் முடிந்தது. வியாபாரம் முக்கியமா பறவை முக்கியமா?

இறகுநோக்கி:

சட்டத்தில் மாட்டுவீர்கள் என்பதால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின்படி எல்லாக் கடற்காகங்களுக்கும் அவற்றின் முட்டைக்கும் பயன்பாட்டில் உள்ள கூட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம், கனடாவில் 1994இன் சட்டம். மற்ற நாடுகளிலும் உள்ளூர் விதியைக் கேட்காமல் கை வைக்கவே கூடாது. இங்கிலாந்தில் தனி அனுமதி கேட்காமலே செயல்பட விடும் பொது உரிமத்தின் கீழ் ஹெரிங் கடற்காகத்தின் மேல் நடவடிக்கை எடுக்க முன்பு இருந்த வழியையும் 2020இல் எடுத்துவிட்டார்கள். காரணம், நகரத்தில் கூட்டமாகத் தெரிந்தாலும் மொத்த எண்ணிக்கை சரிந்துகொண்டே வருகிறது, 2009 முதல் பிரிட்டனில் மிகவும் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. கடலில் தீனி குறைந்து, பாறைத் தீவுகளில் நிம்மதி போய், நம் கூரைக்கு வந்திருக்கிற பறவை அது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தீனி அப்படியே கிடக்கும்போது நான்கைக் கொன்றால் அந்த இடத்துக்கு வேறு நான்கு வரும். நான் பறவைப் பக்கம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், கரைமேசை சாரின் மேசைக்கும் இதனால் ஒரு பயனும் இல்லை.

நேர்ப்பேச்சு:

சரி, சட்டம் அப்படி இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் மிளகாய்த்தூள் தூவலாமே? மேசையிலும் கைப்பிடியிலும் தூவினால் ஒருமுறை கொத்தியதும் ஓடிவிடும். அது கொலையில்லையே.

இறகுநோக்கி:

பறவைக்கு மிளகாயின் எரிச்சலே தெரியாது. நமக்கும் மற்ற பாலூட்டிகளுக்கும் நாக்கில் சுருக்கென்று பிடிக்கிற அந்த உணர்வான் பறவைகளுக்கு வேறு வடிவில் இருக்கிறது, மிளகாயின் காரப் பொருளான காப்சைசினுக்கு அது அசைந்துகொடுக்காது. காட்டில் மிளகாய் விதையைப் பரப்புவதே பறவைகள்தான். கண் எரிவது வாடிக்கையாளருக்குத்தான் நடக்கும். பறவைகளுக்கு எரிச்சல் தருவது திராட்சையின் மணத்துக்குக் காரணமான மீதைல் ஆந்த்ரனிலேட் என்ற பொருள், விரட்டி மருந்துகளில் சேர்க்கிறார்கள். ஆனால் காற்று வீசும் திறந்தவெளியில் அது சீக்கிரம் போய்விடும், சாப்பிடுகிற இடத்தில் அந்த நெடியும் வேண்டாம்.

மாடித்தோட்டம்:

மொட்டைமாடியில் உணவகம் வைத்திருக்கிறேன். நாங்கள் பருந்தோடு வரும் ஆளை ஏற்பாடு செய்தோம், அதனால் அந்த அனுபவத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஓஷன் சிட்டி என்ற கடற்கரை ஊரில் 2019இல் நடைபாதைக் கடைகளைக் காப்பாற்ற இப்படித்தான் பருந்துகளை இறக்கினார்கள், அதைப் படித்துவிட்டுத்தான் நாங்களும் செய்தோம். பருந்து வானத்தில் இருக்கும்வரை ஒரு கடற்காகம் இறங்கவில்லை, அது நிஜம். ஆள் கூடையை மூடிக்கொண்டு வண்டியில் ஏறியதும் திரும்ப வந்துவிட்டன. தினமும் கூட்ட நேரம் முழுக்க வைத்திருக்கப் பணம் இருந்தால் சரி. பல கடைகள் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் தாங்கும், ஒற்றைக் கடைக்குத் தாங்காது.

சிட்னியின் ஓபரா ஹவுஸ் திறந்தவெளி உணவகங்களில் இதற்கென்றே பழக்கிய நாய்களை மேசைகளுக்கு நடுவே நடக்க விட்டார்கள். நாய் பிடிக்கும் வாடிக்கையாளர்களுக்கு அது மகிழ்ச்சியும்கூட. ஆனால் பழக்கிய நாயும் கூடவே ஒரு ஆளும் வேண்டும், அப்புறம் உணவு பரிமாறும் இடத்தில் நாயை விடலாமா என்று உங்கள் பகுதிச் சுகாதார அதிகாரியிடம் முதலில் கேட்க வேண்டும். இங்கிலாந்தின் பிளாக்பூல் விலங்குக்காட்சிசாலையில் 2025இல் கடற்காகங்களை விரட்டக் கழுகு வேடம் போட ஆட்களைத் தேடினார்கள். கேட்க விளையாட்டாக இருந்தாலும் அதன் கருத்து சரியானது: நடமாடுகிற, துரத்துகிற ஒன்று இருந்தால்தான் பயம் நிற்கும்.

வெனிசில் சில ஓட்டல்கள் விருந்தினர் கையிலேயே தண்ணீர்த் துப்பாக்கி கொடுத்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து மேசை நனைந்தால் யார் பதில் சொல்வது? பறவையை ஈரமாக்குவதும் சில இடங்களில் தொந்தரவு செய்ததாகக் கணக்காகும்.

கரைமேசை:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. ஒன்று, வாடிக்கையாளர்களே ஆசையாகத் தீனி போடுகிறார்கள், படம் எடுக்க ஒரு துண்டைத் தூக்கிக் காட்டுகிறார்கள். எரிச்சலாகாமல் எப்படித் தடுப்பது? இரண்டு, பரிமாறுகிறவர்கள் கையைத் தட்டி விரட்டினால் போதுமா, கத்தலாமா?

இறகுநோக்கி:

இரண்டாவதற்கு முதலில் பதில். எக்சிட்டர் குழுவே 2025இல் இதைச் சோதித்தது, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக் கடற்கரை ஊர்கள் ஒன்பதில் 61 கடற்காகங்கள். மூடிய வறுவல் டப்பாவுக்குப் பக்கத்தில் மூன்று ஒலிகளைப் போட்டார்கள்: ஆண் குரல் கத்துவது, அதே சொற்களைச் சாதாரணமாகப் பேசுவது, ராபின் குருவியின் பாட்டு. மூன்றும் ஒரே ஒலியளவில். கத்தல் கேட்டவற்றில் கிட்டத்தட்ட பாதி ஒரு நிமிடத்துக்குள் பறந்துவிட்டன. பேச்சு கேட்டவற்றில் 15 சதவீதம்தான் பறந்தன, மற்றவை பல மெல்ல நடந்து விலகின. ராபின் பாட்டுக்குப் பெரும்பாலானவை அசையவே இல்லை. அதாவது சத்தத்தின் அளவைவிடத் தொனியைப் புரிந்துகொள்கின்றன. உங்கள் இடத்தில் ஆட்கள் கத்துவது வாடிக்கையாளருக்கு நன்றாக இருக்காது, அதனால் கண்ணை அதன் மேல் வைத்து, நேராக அதை நோக்கி இரண்டு அடி நடந்து, கறாரான குரலில் ஒரு சொல். கையை வீசி அடிக்கப் போக வேண்டாம், கையில் தட்டு இருக்கும்போது அதுவே விபத்து.

தட்டெடுப்பவன்:

தீனி போடுகிறவர்கள் விஷயம். ‘தீனி போடாதீர்கள்’ என்று பலகை வைத்தால் படிக்க மாட்டார்கள், படித்தாலும் தனக்கு இல்லை என்று நினைப்பார்கள். நாங்கள் உணவு வைக்கும்போதே வாயால் சொல்வோம்: “பறவைகள் கையிலிருந்தே எடுத்துவிடும், கொஞ்சம் உள்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையைச் சுவர் பக்கம் உட்கார வையுங்கள்.” அவர்களைக் குற்றம் சொல்லும் தொனி இல்லை, அவர்கள் சாப்பாட்டைக் காப்பாற்றுகிற தொனி. அப்படிச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை, தூக்கிக் காட்டுவதும் பெருமளவு நின்றுவிடும். சுவரையோ தடுப்பையோ முதுகுக்குப் பின்னால் வைத்து நாற்காலிகளைத் திருப்பிப் போடுவதும் பெரிய உதவி. பின்னால் வழி இல்லையென்றால் முன்னால்தான் வர வேண்டும், முன்னால் வந்தால் ஆள் பார்த்துவிடுவார்.

சுத்தம்சுகாதாரம்:

உணவுப் பாதுகாப்புப் பக்கம் வேலை செய்கிறேன். எல்லோரும் பறிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், எச்சத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கடற்காக எச்சத்தில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் மாதிரிக் கிருமிகள் இருக்கலாம். காய்ந்ததை வறண்ட துடைப்பத்தால் பெருக்கினால் தூசியாகப் பறக்கும். முதலில் நன்றாக நனைத்து, ஊறவிட்டு, துடைத்தெடுத்து, அப்புறம் கிருமிநாசினி. கையுறை, முகக்கவசம் கட்டாயம். எச்சம் பட்ட மேசையைச் சாதாரண மேசைத் துணியால் துடைத்துவிட்டு அதே துணியோடு அடுத்த மேசைக்குப் போவதைப் பல இடங்களில் பார்க்கிறேன், அதை உடனே நிறுத்துங்கள், இதற்குத் தனித் துணி, தனி வாளி. கடற்காகம் கால் வைத்த தட்டு, கரண்டி எல்லாம் வாடிக்கையாளர் பயன்படுத்தாமல் இருந்தாலும் கழுவப் போக வேண்டும்.

குப்பைத்தொட்டி மூடி எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் தொட்டி நிரம்பி மூடி ஒரு விரல் அளவு தூக்கி நிற்பதுதான் வழக்கமாக நடக்கிறது. பை பிதுங்கி வெளியே தெரிந்தால் போதும், அலகால் இழுத்துக் கிழித்துவிடும். பெரிய தொட்டி வாங்குங்கள், அல்லது அடிக்கடி அள்ளுங்கள். இரவில் பையை வெளியே வைத்துவிட்டுக் காலையில் வண்டி வரும் என்று காத்திருக்காதீர்கள், விடியும் முன்னே அவை வந்துவிடும்.

மாடித்தோட்டம்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். குஞ்சு இருக்கும் காலத்தில் தலைக்கு மேலே பாய்ந்து வந்து பயமுறுத்துவது தீனிக்காக இல்லை. பக்கத்துக் கூரையில் குஞ்சு இருக்கும், அல்லது கீழே விழுந்து எங்காவது பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அப்போது தட்டை எடுத்தாலும் நிற்காது, உற்றுப் பார்த்தால் இன்னும் கோபம் வரும். அந்த ஓர மேசைகளைச் சில வாரங்களுக்கு மூடிவிடுவதுதான் நாங்கள் செய்வது. குஞ்சு முட்டையிலிருந்து வந்து ஐந்தாறு வாரத்தில் பறக்கப் பழகிவிடும், அதோடு பெற்றவையும் அடங்கிவிடும்.

கம்பிவலை:

ஆமாம், அதனால்தான் கூரை வேலையைக் கூடு கட்டும் பருவத்துக்கு முன்பே முடிக்கச் சொல்கிறேன். போன வருடக் கூட்டுக் குப்பையை அள்ளி, முளைத்த செடிகளைப் பிடுங்கி, புகைபோக்கி ஓரம், குளிர்சாதன இயந்திரத்தின் பின்பக்கம் மாதிரி மறைவிடங்களை அடைத்துவிட வேண்டும். ஜோடிகள் போன வருடம் குஞ்சு பொரித்த அதே இடத்துக்குத் திரும்ப வரும் பழக்கம் உள்ளவை. முட்டை வந்துவிட்டால் உரிமம் இல்லாமல் தொடாதீர்கள், சாதாரணமாக மூன்று முட்டை, நான்கு வாரம் போல அடைகாக்கும், அந்த வருடத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கரைமேசை:

என் கூரையில் கூடு இல்லை, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது, அவர்களிடம் பேசிப் பார்க்கிறேன். தள்ளுவண்டியும் நாற்காலி திருப்புவதும் நாளைக்கே செய்துவிடலாம். கம்பிவலை அண்ணே, மேல்கம்பி போட்டால் குடை திறந்து மூடும்போது சிக்காதா? காற்று அடிக்கிற இடம் வேறு.

கம்பிவலை:

குடையின் உச்சிக்கு மேலே நன்றாக இடைவெளி விட்டுத்தான் கம்பி போகும், அதற்குத் தகுந்த உயரத்தில் தூண் நடுவோம். வெட்டவெளி மேசைகளுக்கு மட்டும் போட்டாலும் போதும், குடைக்கு அடியில் இருப்பவற்றில் மேலிருந்து இறங்குவது குறைவு, பக்கவாட்டில்தான் வரும். காற்றுக்கு ஒவ்வொரு கம்பியின் முனையிலும் சுருள்வில் வைப்பது நல்லது, இல்லையென்றால் தளர்ந்து ஊசலாடி இரவில் விசில் மாதிரி சத்தம் வரும். மற்ற பறவைகள் மோதாமல் இருக்கக் கம்பியில் ஆங்காங்கே கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் கட்டச் சொல்லுங்கள். வருகிற ஆள் யாராக இருந்தாலும், அவர் அளவெடுக்கும் நேரத்தில் எல்லாக் குடைகளும் விரித்த நிலையில் இருக்கட்டும், மடக்கியபடி அளந்தால் தூண் வரும் இடம் தப்பாகிவிடும்.